நாணல் நட்ட கரை

கம்பத்திலிருந்து தேனிக்குப் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் ஒரு பெரியவரும், அவரை மாமா என்று கூப்பிடுகிற ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாம் வகுப்போடு நின்று, மூட்டை தூக்கியே ஏலக்காய் மண்டி வைத்தவன் நான். பேச்சைக் கேட்டே ஆளை எடைபோட்டு விடுவேன். பெரியவர் சொன்னதுதான் என்னை நிமிர வைத்தது.

“அது வாங்குன நிலமில்ல மாப்ள. ஆத்துக்குள்ள நானும் எம் பொண்டாட்டியும் பெத்த நிலம்.”

“அந்தப் பிள்ளையத்தான் நாளைக்கு தாலுகா ஆபீசுல இருந்து அளக்க வாராக. ஆத்து எடம்னு தெரிஞ்சா பிடுங்கிருவாக மாமா.”

“கிண்டலா? தண்ணி வத்துனதும் அவ கரையோரம் நாணல் நடுவா. வெள்ளத்துல வர்ற வண்டல் அதுல தங்கிரும். மறுவருசம் இன்னும் உள்ள தள்ளி நடுவா. நான் கல்லு அடுக்குவேன். அப்பிடி வந்த வாழைத்தோப்புடா.”

“அதை அவுககிட்டச் சொல்லிறாதீக. கரை என்னைக்கும் இங்கனதான் இருந்துச்சுன்னு சொல்லுங்க. பழைய கரை தெரிஞ்சவுக இப்ப யாரு இருக்கா?”

“அவளும் போயிட்டா. நான் ஒருத்தந்தான்.”

“பெறகென்ன? தோப்பு தப்பிச்சிரும்.”

உத்தமபாளையம் தாண்டியதும் பெரியவர் ஜன்னல் பக்கமிருந்து திரும்பினார்.

“தப்பிச்சிரும். ஆனா கரை என்னைக்கும் அங்கனதான்னா, அவ இடுப்பளவு சேத்துல நின்னு நட்டதெல்லாம் இல்லைன்னு ஆயிருமே.”

“அப்ப என்னதான் சொல்லப்போறீக?”

“பழைய கரையைக் காட்டப்போறேன். அங்கன இருந்து நாங்க ரெண்டு பேரும் எம்புட்டுத் தூரம் வந்தோம்னு ஒருத்தனாவது அளந்து பாக்கட்டும்.”