சிவப்பு வளையம்

அதெல்லாம் இருக்கட்டுங்க, நீங்க எந்த ஆபீஸு? ஐடி கார்ட காட்டுங்க. ம்... போட்டோவுல மீசை இருக்கு, மூஞ்சில காணமே? தப்பா நெனைக்காதீங்க. இந்த மண்மேட்டுக்கு வாட்ச்மேன் ராமசாமி நாந்தான். கேக்கறது என் வேலை.

நெழல்ல நில்லுங்க. மைன்ஸ் தோண்டிக் கொட்டுன மண்ணுங்க இது. முன்னல்லாம் ஒரு புல்லு கெடையாது. இப்பப் பாருங்க, தேக்கு. எல்லாத்தையும் வுட்டு வெச்சா எதுக்கும் வெயில் பத்தாது. நோஞ்சான வெட்டுனாத்தான் நல்ல மரம் பெருக்கும், நோஞ்சானுக்குச் செவப்பு வளையம். ஆபீஸு போட்ட மரம் வெட்டற திட்டத்துல அப்படித்தான எழுதியிருக்கு? நானும் அப்பறமாப் படிச்சேன். எழுதுனவரு கெட்டிக்காரரு. மேட்டுமேலதான் ஏறி வரல.

இப்ப என்னாச்சு? நோஞ்சான் நிக்குது, நல்ல மரமெல்லாம் லாரி ஏறிப் போச்சு. கான்ட்ராக்டர் ராஜேந்திரன வெசாரிங்க. அந்தாளு சிரிக்கிறப்பவே எனக்குச் சந்தேகம். பெயின்ட் அடிச்ச பிரவின்குமாரையும் கேளுங்க. வளையத்துக்கு என்னா அர்த்தம்னு ஒரு போர்டு வெச்சா கொறஞ்சா போவான்? என்னாங்க எழுதிக்கினு இருக்கீங்க? நான் சொன்னதயா? அத அடிங்க மொதல்ல.

அறுத்தவனா? தங்கராசு. முத்தாண்டிக்குப்பத்தான். உள்ள வர்ற கேட் பாஸ அவன்கிட்டேர்ந்து புடுங்கிட்டாங்களாமே? திருடன்னு நீங்க எழுதிட்டா, டவுன்ஷிப்புல எந்த கான்ட்ராக்ட்லயும் சேக்க மாட்டாங்க அவன. ஏங்க, திருடறவன் பட்டப்பகல்ல, வாட்ச்மேனப் பக்கத்துல வெச்சிக்கினா அறுப்பான்?

ஆமா, பக்கத்துலதான் இருந்தேன். அறுத்த மூணு நாளும்.

சேச்சே, எனக்கு யாரும் எதுவும் குடுக்கலீங்க. பதினெட்டு வருசம் மைன்ஸ்ல இருந்தவன் நானு. அங்க செவப்பு அடிச்சிருந்தா கை வெக்காதன்னு அர்த்தம். நோஞ்சானாப் பாத்து அடிச்சிருந்தாங்களா, சரி, எளைச்சதத்தான காப்பாத்தணும்னு நெனச்சிக்கினேன். தங்கராசு ரெண்டு வாட்டி கேட்டான், அண்ணே, வளையம் போட்டதத்தான வெட்டணும்னு. போடா, ஒனக்கு என்னாடா தெரியும்னு, வெட்ட வேண்டிய மரத்த ஒவ்வொண்ணா தொட்டுக் காமிச்சது நாந்தாங்க.

கையெழுத்து எங்க போடணும்?