நோயாளிக்கு வயது ஒன்பது

"ஹலோ… ஆமாம்மா, நோயாளி வீடுதான். தாத்தா பேசறேன்… அவர்கிட்ட குடுக்கணுமா? அவர் பேசமாட்டாரும்மா… சேச்சே, கோபமெல்லாம் இல்ல, இன்னும் பேச்சு வரல… ஒன்பது. ஆமா, ஆமா, ஒன்பதுதான்… அடடா, வருஷம் இல்லம்மா, நாள்! பிறந்து ஒன்பது நாள்!"

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒரு கையில் போனும் மறு கையில் பேரனின் அழுக்குத்துணி வாளியுமாகக் கொல்லைப்புறத்தில் நின்றார். காலையில் வந்த பரிசோதனை முடிவின்படி பேரனுக்குக் கொரோனா, மகளுக்கு இல்லை. சுகாதார அலுவலகப் படிவத்தில் வயதுக்கு வருஷக் கட்டம் மட்டுமே இருந்ததால், மதியத்துக்குள் பேரன் ஒன்பது வயதுப் பையனாக வளர்ந்துவிட்டான்.

"வாசல்ல வந்து நிக்கணுமா? அவருக்குக் கழுத்தே இன்னும் நிக்கலம்மா… வெளியூர்ப் பயணமா? ஒரே பயணம்தான், தாய் வயித்துலேருந்து ஆஸ்பத்திரி கட்டிலுக்கு… மாஸ்க்கா? சட்டையே போடாமத்தான் வந்தாரு… என்னது, கொரோனா வார்டுக்குக் கொண்டுபோக வண்டி கிளம்பிடுச்சா? தனியா ஏத்திவிடணுமா?"

குரலிலிருந்த குறும்பு சட்டென்று இறங்கியது.

"அம்மா, கொஞ்சம் காது குடுத்துக் கேளுங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் பால் குடிக்கிற பிள்ளை. லேசா காய்ச்சல், அவ்வளவுதான். தாயே மாஸ்க் போட்டுக்கிட்டு பால் குடுக்கட்டும், வீட்டுலயே இருக்கட்டும்னு டாக்டர் சொல்லிட்டாரு… பட்டியல்ல தாய் இல்லையா? எப்படிம்மா இருப்பா, அவளுக்குத்தான் நோய் இல்லையே!… ஓகோ. நோய் இருந்தா, கூடவே வரலாம். நல்லா இருக்கிற குத்தத்துக்கு வரக்கூடாது. ரொம்ப நியாயம்… சரி, மேலதிகாரியைக் கேளுங்க. இருக்கேன்."

உள்ளே மகள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அவர் தொண்டையைக் கனைத்து அதை மறைத்தார்.

"சொல்லுங்கம்மா… யார்கிட்டேருந்து தொத்துச்சா? வந்தவங்க ஒருத்தரும் வாசப்படி தாண்டலியே… நானா? எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்… வாசனையா? பேஷா தெரியுது. இப்பக்கூட பாருங்க…"

வாளிக்குள் முகத்தை விட்டார். மஞ்சள் அப்பிய துணி நாலு விரல் தூரத்தில் கிடந்தது. இன்னும் குனிந்தார். பிறகு நிமிர்ந்து வாளியைக் கீழே வைத்தார்.

"…லைன்லதாம்மா இருக்கேன்… தெரியல. ஒண்ணுமே தெரியல… பிள்ளைகிட்ட போனேனா? ஒரே தரம்தான், மூணாம் நாள். பிள்ளைக்கு தாத்தா மூக்குன்னு சொன்னாங்க. நாப்பது வருஷமா ஊரார் மூக்கையெல்லாம் அளந்து ஃபிரேம் மாட்டினவன், என் மூக்கை ஒத்துப் பாக்க வேண்டாமா? மாஸ்க்கை இறக்கிட்டு, கிட்டத்துல வச்சு… ஆமா. ஆமாம்மா… அச்சு அசல் என் மூக்குதான்."

வாசலில் வண்டி வந்து நின்றது.

"வந்துட்டாங்க. ஒண்ணு கேக்கறேன், இந்த வீட்டுலேருந்து ஒரு ஆம்பளைன்னுதானே எழுதியிருக்கு? நானே ஏறிடறேன். வண்டியும் வெறுமனே திரும்பாது… அப்படியா? மேலதிகாரி சரின்னுட்டாரா? அப்ப பிள்ளை வீட்டுலதான்னு எழுதுங்க… எழுதினதைப் படிங்க… ஆமா… ஆமா… 'தாயுடன்'ங்கறதுக்கு அடியில ஒரு கோடு போடுங்கம்மா… போட்டாச்சா? சரி, வச்சிடறேன். என்னாலதான்னு மகளுக்கு இன்னும் தெரியாது, சொல்லிட்டுக் கிளம்பணும்… இல்லம்மா, இல்ல. உள்ள போகமாட்டேன். கதவுக்கு இந்தப் பக்கம் நின்னுதான்."