நாளுக்கு நாலுதரம் வழிதவறிய பசு

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். மீள்குடியேறி வந்த எங்கள் வளவில் பற்றை மண்டிக் கிடக்க, நான் விடியக்காலை எழும்பி முகநூல் விளையாட்டுப் பண்ணையில் தக்காளிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவன். ஆகவே மன்னாரிலிருந்து நானாட்டான் போகும் பஸ்ஸில், முன் இருக்கைக் கமக்காரர் பக்கத்திலிருந்த மச்சானிடம் சொன்னது காதில் விழுந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“மாட்டை உண்மையாவே மூண்டு நாளாக் காணேல்லை எண்டு முகநூலில எழுதிப் போட்டன், மச்சான். வயித்தில கண்டோட நிண்ட மாடு. ஊர்ப்பட்ட பேர் லைக் போட்டிருக்கினம். கனடாச் சித்தப்பா விளையாட்டு வைக்கோல் ஒரு கட்டு அனுப்பியிருக்கிறார்.”

“பின்னை? உன்ர விளையாட்டு நாளுக்கு நாலுதரம் ‘என் பசு வழிதவறிவிட்டது, உதவுங்கள்’ எண்டு எல்லாருக்கும் அனுப்புது. இனி ஆர் நம்புவினம்?”

“அதை நான் அனுப்பேல்லையடா. அதுவாப் போகுது.”

“உன்ர பேரில அனுப்பட்டோ எண்டு முதல் நாளே கேட்டிருக்கும். நீ ஓம் எண்டு அமத்தியிருப்பாய்.”

“கேட்டால் ஓம் எண்டுதானே சொல்லவேணும்? வீட்டுத்திட்டக் கந்தோரில நீட்டின பேப்பருக்கெல்லாம் ஓம் சொல்லித்தானே வீடு எடுத்தனான்.”

மச்சான் போனைப் பறித்து அந்த அனுமதியை நிறுத்தினார். “இப்ப திரும்பப் போடு. நெத்தியில வெள்ளைச்சுட்டி எண்டும் எழுது.”

கொண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

“வெள்ளைச்சுட்டியோ? அண்ணை, காலமை மன்னாருக்கு வரேக்க குளக்கட்டடியில அந்த மாட்டுக்குத்தான் ஹோர்ன் அடிச்சுக்கொண்டு நிண்டனாங்கள். நீங்களும் இதே சீற்றிலதான் இருந்தனீங்கள், போனைப் பாத்துக்கொண்டு.”