கொக்கி போட்டு இழுக்கிறது

உத்திரமேரூரில் பெருமாளைச் சேவித்துவிட்டு மானாம்பதி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். முன் சீட்டில் அண்ணன் தம்பியைக் கட்டிய இரண்டு ஓரகத்திகள். மூத்தவள் தன் வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னாள்:

“உங்க மாமா திங்கக்கெழம தாலுக்கா ஆபீஸ்ல மனு குடுக்கப் போறாரு. உன் வூட்டுக்காரன் என்க்ரோச்மென்ட் பண்றான்னு.”

“அப்டின்னா இன்னாக்கா?”

“என் பொண்ணு சொன்னா. பழைய பிரெஞ்சு பேச்சுல கொக்கிக்கு இன்னாவோ பேராம், அதுலருந்து வந்த வார்த்தையாம். அடுத்தவன் சொத்த கொக்கி போட்டு இழுத்துக்கிறது.”

“இவரு எங்கக்கா கொக்கி போட்டாரு?”

“கொக்கி எதுக்குடி? மம்முட்டி போதும். ஒவ்வொரு நடவுக்கும் உங்க பக்கம் வரப்ப செதுக்கிடறான். இடிஞ்சிடப் போவுதுன்னு நாங்க எங்க பக்கம் சேறு அணைக்கிறோம். வரப்பு எங்க கழனிக்குள்ள நடந்து வந்துக்கினே கீது.”

இளையவள் மடியில் இருந்த துளசியை முந்தானை நுனியில் முடிந்துகொண்டாள். நான் மனசுக்குள் பெருமாளே என்றேன்.

“மனு வேணாங்க்கா. சர்வேயர் வந்து அளந்துட்டா அப்புறம் அண்ணன் தம்பி ஒரு பந்தியில உக்கார மாட்டாங்க. இந்த நடவுக்கு மாமா உங்க பக்கம் செதுக்கட்டும். எங்க பக்கம் நான் சேறு அணைக்கிறேன்.”

“அவரு கோவத்துல ஜாஸ்தியா செதுக்கிட்டா?”

“செதுக்கட்டும்க்கா. போனதுதானே திரும்பி வருது.”

மூத்தவள் மானாம்பதியில் இறங்கும்போது இளையவள் பக்கம் திரும்பினாள்.

“சேறு அணைக்க வெறும் வயித்தோட வந்துடாத. நாஷ்டா நம்ம வூட்ல.”