பெட்டைக்கு அப்பன் நிறம்

ஓய்வு பெற்றபிறகு எனக்குப் பொழுது பிரமாதமாகப் போகிறது. காலையில் நடை, மதியம் தூக்கம், சாயங்காலம் பெஞ்சில் உட்கார்ந்து ஒருவரையும் விடாமல் வம்பு. போன வாரம் அந்தப் பெஞ்சுக்கே வந்துவிட்டாய் நீ.

"அப்பா படுத்த படுக்கையா இருக்காரு பெரியப்பா. என்னக் கண்டா மூஞ்சியத் திருப்பிக்கிறாரு. நான் அவரு மகதான்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துவிட்டேன்.

குஞ்சு பொரிப்பகத்தில் முப்பது வருடம் நானும் உன் அப்பாவும் ஆண் வேறு பெண் வேறாகக் குஞ்சு பிரித்தோம். நான் மட்டும் நாளுக்கு ஒரு லட்சம். சரி, இருபதாயிரம் என்று வைத்துக்கொள். என் கை போகிற வேகத்தில் காற்று வரும், மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள். வித்தை ஒன்றுமில்லை, நிறம்தான். செவலைச் சேவலை வெள்ளைக் கோழிகளோடு விட்டால், பெண் குஞ்சு அப்பனைப்போலச் செவலையாக வரும். ஆண் குஞ்சு அம்மாவைப்போல வெளுப்பு. அந்த நிறத்தைக் கோழி மகனுக்கு மட்டும்தான் கொடுக்கும். மகளுக்குக் கொடுக்க அதனால் முடியாது. செவலை வலது கூடை, முட்டையிட வளரும். வெளுப்பு இடது கூடை, பின்கதவு வழியாகப் போகும். எங்கே என்று நான் கேட்டதில்லை.

ஒரு தடவை, ஒரே தடவை, வெள்ளைச் சேவலைச் செவலைக் கோழிகளோடு விட்டுவிட்டேன். அப்படித் தலைகீழாகச் சேர்த்தால் ஆணும் பெண்ணும் ஒரே வெளுப்பு. அது தெரியாமல் எல்லாவற்றையும் இடது கூடையில் போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையிலிருந்து உன் அப்பா பார்த்துவிட்டார். காதோடு சொல்லியிருக்கலாம்.

"அண்ணே, சேவல மாத்தி விட்டுட்டீங்களே. அத்தனையும் ஆம்பளப் புள்ளயா பொறக்க இது என்ன அரண்மனையா?"

கூடமே சிரித்தது. அன்றிலிருந்து என் பெயர் 'மாத்தி'. காவலாளிகூட "மாத்தி வந்தாச்சு" என்றுதான் கதவைத் திறப்பான். உன் அப்பா நல்ல மனிதர், ஒரு வாரத்தில் மறந்துவிட்டார். எனக்கு ஞாபகசக்தி அதிகம்.

அப்போது உனக்கு ஆறு மாதம். உன் அப்பா கரிச்சட்டிக் கருப்பு. உன் அம்மா நல்ல சிவப்பு. நீ அம்மாவை உரித்துவைத்திருந்தாய். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு செவலைக் குஞ்சை உள்ளங்கையில் வைத்து அவரிடம் காட்டுவேன்.

"பாத்தியா தம்பி, பொட்டைன்னா அப்பன் நிறம். கோடியில ஒண்ணு தப்பாது. தப்புனா சேவல் வேறன்னு அர்த்தம்."

அவ்வளவுதான். உன் பேச்சையே நான் எடுக்கவில்லை. சத்தியமாகக் கோழியைப் பற்றித்தான் பேசினேன். நான்கு மாதம், தினமும் பேசினேன். முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பதை நிறுத்தினார். பிறகு டிபன் பாக்ஸைத் திறப்பதையே நிறுத்திவிட்டார். அந்த நாட்களில் எனக்கு நல்ல பசி.

ஒரு நாள் உன் அம்மா உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்தாள்.

"அண்ணே, மனுசனுக்கு அப்படியெல்லாம் கெடையாதுன்னு அவருகிட்டச் சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேப்பாரு."

"நான் கோழிக்காரன்மா. மனுசங்களப் பத்தி எனக்கென்ன தெரியும்?"

நீ என் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்தாய். நல்ல பிடி. மறுநாள் உங்கள் இருவரையும் அவர் வெளியே அனுப்பிவிட்டார். பின்கதவு வழியாக என்று கேள்விப்பட்டேன். எங்கே போனீர்கள் என்று கேட்கவில்லை, அது எனக்குப் பழக்கமில்லை.

இன்று காலை உன் அப்பா போய்விட்டதாகச் செய்தி வந்தது. இனித் தாராளமாக எழுதலாம். மனிதர்களுக்கு அந்த விதி கிடையாது. மகள் யார் நிறத்திலும் பிறப்பாள். நீ அவர் மகள்தான். கேட்ட வார்த்தையைக் கொடுத்துவிட்டேன், ஒரு வாரம் தாமதம், அவ்வளவுதான்.

இது எனக்கு அப்போதே தெரியுமா என்று கேட்பாய். உன் அம்மா வாசலில் நின்ற அன்று, எனக்குப் பின்னால் கதவைப் பிடித்துக்கொண்டு என் மகள் நின்றாள். நானும் கருப்புதான். அவள் அவளுடைய அம்மாவைப்போல நல்ல சிவப்பு. ஒரு நாளும் எனக்குச் சந்தேகம் வந்ததில்லை.