பதினேழாம் எண்ணின் பதில்

கண்காணிப்பு அறையில் என் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, ஐயா. அட்டையை மடித்து அடியில் வைத்துத்தான் பதினொரு வருஷம் உட்கார்ந்தேன். குறை சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

எங்கள் குளிர்பதனக் கிடங்கில் எல்லோரும் மார்பில் ஒரு பேட்ஜ் மாட்டியிருப்பார்கள். ஆபத்தென்றால் அதிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும், என் திரையில் பச்சையாக இருக்கும் அவர் எண் சிவப்பாகும். எல்லா பேட்ஜும் ஒரே சமயத்தில் பேசினால் ஒன்றும் புரியாது. அதனால் ஒவ்வொரு நிமிஷத்திலும் ஆளுக்கொரு நொடி, அதில் மட்டும்தான் அவர் பேட்ஜ் பேசும். புது ஆட்கள் சேர்ந்தால் நொடிகளை மாற்றி, காற்றிலேயே அனுப்புவேன். ஒவ்வொரு பேட்ஜும் ‘கிடைத்தது’ என்று பதில் தரவேண்டும். இரும்பு அடுக்குகளுக்கு நடுவே சிலதுக்குக் கேட்காது. அப்போது நானே நடந்துபோய்ச் சரிசெய்ய வேண்டும். இல்லையென்றால் அது பழைய நொடியிலேயே பேசும். நாங்கள் அந்த நொடியில் கேட்பதை நிறுத்தியிருப்போம்.

பதினேழாம் எண் என் தம்பி.

அம்மா படுக்கையில் விழுந்து நாலு வருஷம். காலையில் நான், சாயங்காலம் அவன் என்று பேச்சு.

“நாளைக்கு நீ இருப்பியாடா?”

“பார்க்கலாம்க்கா.”

“பார்க்கலாம்னா? துணி யாருடா மாத்துறது?”

“நீதான் இருக்கியே. உன் கை பட்டாத்தான் அம்மாவுக்கே திருப்தி.”

சிரிப்பு வேறு. ‘தம்பி வந்தானா?’ என்று அம்மா கேட்பாள். ‘வந்தான், நீ தூங்கிட்டே’ என்பேன். அவனுக்காக எப்போதும் நான்தான் பதில் சொல்லியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை நொடிகளை மாற்றினேன். “என்னம்மா, இன்னும் முடியலையா? புது ஆளுங்க வாசல்ல நிக்கிறாங்க” என்றார் மேலாளர். பதினேழிலிருந்து பதில் இல்லை. நேரில் போய்ச் சரிபார்த்த பேட்ஜுக்கு, நாமே திரையில் ‘கிடைத்தது’ என்று பதிந்துவிடலாம். பார்க்காமலே பதிந்தேன். அலுப்பு, ஐயா. நாலு வருஷத்து அலுப்பு.

மூன்று மணிக்குத் தம்பி போனில் கூப்பிட்டான். “அக்கா, மூணாம் ரூமுக்குப் போறேன். அந்தக் கதவு சில நேரம் உள்ளேயிருந்து திறக்க மாட்டேங்குது. உள்ளே போனும் எடுக்காது. ஒரு கண்ணு வெச்சுக்கோ.”

“சரி” என்றேன்.

ஐந்து மணிவரை பதினேழு பச்சையாகவே இருந்தது. பிறகு வீட்டுக்குப் போய் அம்மாவுக்குத் துணி மாற்றினேன். அன்று சாயங்காலம் அவன் முறை. நான் அவனிடம் கேட்கக்கூட இல்லை.

ஆறரைக்குக் கிடங்கு ஆட்கள் மூணாம் ரூம் கதவைத் திறந்தபோது அவனுக்கு உயிர் இல்லை. பொத்தானை நூற்றுப் பன்னிரண்டு முறை அழுத்தியிருக்கிறான், பேட்ஜ் எண்ணி வைத்திருக்கிறது. எல்லாம் அவனுடைய பழைய நொடியில். முறை தவறாமல் அவன் செய்தது அது ஒன்றுதான்.

நேற்றும் அம்மா கேட்டாள். வழக்கமான பதிலையே சொன்னேன்.

அலுப்பில் நேர்ந்த தவறு என்று எழுதிக்கொள்ளுங்கள். அன்று பதில் தராத பேட்ஜ்கள் இரண்டு. ஒன்பதாம் எண்ணுக்கு இரண்டு மாடி இறங்கிப்போய், பேட்டரி மாற்றி, பதில் வரும்வரை பக்கத்திலேயே நின்றுவிட்டு வந்தேன்.