தீவன மில்லுக்குப் போன தேனீக்கள்

இந்தத் தேன்பெட்டிங்களை எனக்கு விட்டுட்டுப் போன மாமனார் ஒண்ணு சொல்லுவாருங்க... பூச்சிக்குப் பசி வந்துட்டா கால்ல என்னத்தையோ கட்டிக்கிட்டு வரும், அப்ப நாமதான்... நாமதான் என்னமோ பண்ணணும்பாரு. முக்கியமான அந்தப் பாதிதான் மறந்துபோச்சு. உட்காருங்க. அந்தப் பூச்சிமருந்து டப்பாவை மட்டும் கீழ வைங்க. அதைப் பார்த்துக்கிட்டு என்னால பேச முடியலை.

இல்லைங்க, உங்க கோபம் நியாயம்தான். உங்க மில்லு முழுக்க தேனீ மொய்ச்சா யாரு மூட்டை தூக்க வருவா? கொட்டு வாங்கின உங்க ஆளை நானே போய்ப் பார்த்தேன். முகம் வீங்கி, ஒரு கண்ணு திறக்கவே இல்லை. அந்த நிலைமையிலயும் என்ன சார், ஆளு பூசின மாதிரி ஆயிட்டேனான்னு கேக்கறாரு.

தேனுக்கா? மாட்டுத்தீவனம் அரைக்கிற இடத்துல ஏதுங்க தேன்? அரைக்கிறப்ப மாவு பறக்குதே, அதுக்கு வருதுங்க. மகரந்தம்னு நினைச்சு உருட்டிக் கால்ல ஒட்டிக்கிட்டு வருது. சிரிக்காதீங்க, நிஜமா.

இந்தத் தட்டைப் பாருங்களேன். பெட்டி வாசல்ல சல்லடை வெச்சு, அதுங்க கால்ல இருந்து உதிர்ந்த உருண்டைங்களைப் பிடிச்சது. முன்னெல்லாம் ஆரஞ்சு, பச்சை, சாம்பல், ஊதான்னு பாசிமணி கொட்டின மாதிரி இருக்கும். ஒவ்வொரு செடிக்கும் ஒரு நிறம். ஒண்ணுல புரதம் கூட, ஒண்ணுல கொழுப்பு. இதுல இல்லாததை அது ஈடுகட்டும். இப்ப எல்லாமே வெளிர் மஞ்சள். கண்ணுக்கெட்டின வரைக்கும் மக்காச்சோளம்தானே? அந்த மகரந்தத்துல சத்து கம்மி. ஓரத்துல வெள்ளையா கிடக்கே, அது உங்க மாவு.

மாவுன்னு அதுங்களுக்கு எப்படிங்க தெரியும்? தூளா இருந்தா அள்ளிக்கிட்டு வந்துடும். உள்ள இருக்கிற தேனீ அதைத் தின்னுதான் புழுவுக்குப் பால் சுரக்கணும். சுரக்கலை. புழு அப்படியே காஞ்சுபோகுது.

வெளிநாட்டுல உணவுப் பரிசோதனைக்கூடத்துல இருந்தவன் நான். எதுல என்ன சத்துன்னு புட்டுப்புட்டு வைப்பேன். என்ன பிரயோஜனம்? நாலு பூச்செடி போட்டேன். பக்கத்து வயல்ல அடிச்ச களைக்கொல்லி காத்துல வந்து கருக்கிடுச்சு. போய்க் கேட்டா வயல்காரர், தம்பி, காத்தை நானா அனுப்பி வெச்சேன்னு கேக்கறாரு. அவரையும் என்ன சொல்ல? மக்காச்சோளம் போட்டாத்தான் நீங்க வாங்குவீங்க.

ஐயையோ, உங்களைக் குத்தம் சொல்லலைங்க. ஜன்னலுக்கு வலை அடிக்க முடியுமான்னு கேக்கலாம்னு... ஆமா, புழுக்கத்துல ஆளுங்க வெந்துபோவாங்க. புரியுது.

எந்திரிக்காதீங்க, இருங்க. மருந்து அடிக்க வேண்டிய அவசியம் இருக்காது. நீங்க வந்ததுமே சொல்லியிருக்கணும், வாய் வரலை. மலைச்சரிவுல தேனீ வளர்க்கிறவர் ஒருத்தர் இருக்காரு. அங்க இன்னும் விதவிதமா பூக்குது. எல்லாப் பெட்டியையும் அவருக்கே கொடுத்துட்டேன். இன்னைக்கு இருட்டித் தேனீங்க உள்ள அடைஞ்சதும் வண்டி வருது.